குழி வெட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



சென்ற இதழில் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிப்பது பற்றிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு ஓர் அம்மா பிரட்டுக்களத்தில் எங்களை மறித்துக் கேட்டார். "ஐயா, தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு எழுதியிருக்கீங்க, சரிதான். அந்தத் தண்ணியில கக்கூசுத் தண்ணி சேராம இருக்க வழி என்னான்னு எழுதலையே?" நியாயமான கேள்வி. புதுக் காணியில் வீட்டு வேலை தொடங்கப் போகிறவர் அவர். அவருக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பதிலாகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

தோட்டங்களில் தனி வீடுகள் வரத் தொடங்கியபின் 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்பது பலருக்கும் பழகிய கணக்கு. வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், அடுப்படி எங்கே வர வேண்டும், சாமி படம் எந்தச் சுவரில் என்றெல்லாம் பல நாள் பேசுகிறோம். மலசலகூடக் குழிக்கு மட்டும் கடைசியில் மிச்சம் கிடக்கிற மூலைதான். மேசன் பாஸ் வந்து "குழிய எங்க வெட்டுறது?" என்று கேட்பார். "அந்தா, அந்த மூலையில வெட்டுங்க" என்று கையைக் காட்டுவோம். அதோடு முடிந்தது. ஒரு நிமிஷத்தில் காட்டிய அந்த இடத்தோடுதான் பிறகு இருபது முப்பது வருஷம் வாழ வேண்டியிருக்கிறது.

மற்றவர்களைக் குறை சொல்லுமுன் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு தோட்டத்து மேட்டு லயத்துக்கு மலசலகூடம் கட்டினார்கள். குழிக்கு இடம் காட்டியது நாங்கள்தான். லயத்துக்குப் பின்னால் சமதரை, சீமெந்தும் கல்லும் இறக்க வசதி. பணிய லயத்துப் பீலிக்கு எந்த ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. குழிக்கும் அந்த ஊற்றுக்கும் நடுவில் 100 அடிக்கு மேல் இருந்தது. அது போதும் என்றே எண்ணினோம்.

ஆடி மழை பிடித்தது. பணிய லயத்தில் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பிறகு இரண்டு பேருக்கு நெருப்புக் காய்ச்சல். அதில் ஒரு பொம்பளைப் பிள்ளையை வைத்தியசாலையில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்து வந்தது, அது கடவுள் புண்ணியம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மேட்டு லயத்துக் கோப்பைகளில் நிறப்பொடியைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் பின்னேரம் பீலியில் தண்ணீர் பச்சையாக வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும் எங்களைப் பார்த்துச் சொன்னார். "என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ஐயா. மேட்டுத் தண்ணிதான் இந்தப் பீலிக்கு வருதுன்னு எங்கப்பன் காலத்துலயே தெரியுமே."

நிலத்துக்குக் கீழே இருந்தது வெடித்த பாறை. மண்ணாக இருந்தால் தண்ணீரை வடிகட்டும். பாறை வெடிப்பு வடிகட்டாது, குழாய் மாதிரிக் கொண்டுபோய் விடும். அந்தக் குழியை மூடி வேறு பக்கத்தில் வெட்டச் செய்தோம். அன்றிலிருந்து எந்தக் குழிக்கும் மூன்று கேள்வி கேட்காமல் இடம் காட்டுவதில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது? மண் எவ்வளவு குடிக்கும்? நிறைந்தால் யார், எப்படி எடுப்பது?

தண்ணீர் எங்கே இருக்கிறது?

மலசலகூடக் குழி கிணற்றுக்கோ ஊற்றுக்கோ 50 அடிக்குக் கிட்ட இருக்கக் கூடாது என்பது பலரும் கேள்விப்பட்ட விதி. 60 அடி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்த விதி மண்ணுள்ள சமதரைக்குப் பொருந்துவது. மலையில் தூரத்தைவிட மேடு பள்ளம் முக்கியம். ஊற்றுக்கு மேலே 100 அடியில் இருக்கும் குழியைவிட ஊற்றுக்குக் கீழே 60 அடியில் இருக்கும் குழி பயம் குறைந்தது. ஆகையால் முதலில் காணிக்கு மேலேயும் கீழேயும் நடந்து பாருங்கள். பீலி, ஊற்று, கிணறு, குழாய்த் தண்ணீர் எடுக்கும் தொட்டி எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் குறியுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள். கோடையில் வற்றி மழையில் மட்டும் ஊறும் இடங்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.

7 பேர்ச் காணியின் சிக்கல் இங்கேதான். 7 பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. காணி சரியான சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 44 அடிக்குள்தான். ஆகவே 50 அடி விதி ஒரு காணிக்குள் அடங்காது. உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாக இருக்கும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்தால் சண்டைதான் மிச்சம். வரிசையில் உள்ள எல்லா வீட்டாரும் ஒரு நாள் கூடி, குடிதண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, குழிகள் எந்தப் பக்கம் என்று சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தண்ணீரை மேலேயிருந்து மூடிய குழாயில் கொண்டுவந்து, வீட்டு வரிசைக்குள் கிணறே வெட்டாமல் விடுவதுதான் எங்கள் அனுபவத்தில் தொல்லை இல்லாத வழி.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். நல்ல மழைக் காலத்தில் நிலத்தடித் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ, அதற்கு 6 அடியாவது மேலே குழியின் அடி இருக்க வேண்டும். இதைக் கோடையில் பார்த்தால் ஏமாந்து போவோம். அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் என்றால் தென்மேல் பருவமழை கொட்டும் ஆனி, ஆடியில் பார்க்க வேண்டும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துக்கு வடகீழ் மழை பெய்யும் மார்கழி, தை. அந்த மாதத்தில் ஓர் ஆள் ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி வெட்டி, வெளித் தண்ணீர் இறங்காமல் தகரத்தால் மூடி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் ஆழக்குழி ஆகாது.

மண் எவ்வளவு குடிக்கும்?

எந்த முறையைத் தெரிந்தெடுத்தாலும் கடைசியில் தண்ணீரைக் குடிக்க வேண்டியது மண்தான். மண் குடிக்காவிட்டால் எத்தனை சீமெந்து மூடை போட்டாலும் தண்ணீர் மேலே வரும். மண் ஒரேயடியாகக் குடித்தாலும் ஆபத்து, கிருமி வடிபடாமல் ஓடிவிடும்.

இதைச் சோதிக்க என்ஜினியர் தேவையில்லை. அலவாங்கும் வாளியும் கைக்கடிகாரமும் போதும். குழி வரப்போகிற இடத்தில் ஒரு அடி அகலத்தில் 3 அடி ஆழத்துக்கு ஒரு துளை வெட்டுங்கள். மண்வெட்டி பட்டு மழமழவென்று இருக்கும் பக்கங்களைக் கத்தியால் சுரண்டி விடுங்கள். அடியில் 2 அங்குலம் சல்லி போட்டு, அதற்கு மேல் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இறங்க இறங்க பொழுது சாயும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மண் ஊறுவதற்காகத்தான் இது. காய்ந்த மண் முதல் நாள் ஆசையாகக் குடிக்கும், அதை நம்பக் கூடாது. மறுநாள் காலையில் சல்லிக்கு மேல் 6 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, ஒரு குச்சியை நட்டு மட்டத்தைக் கீறிவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளவுங்கள்.

அரை மணித்தியாலத்துக்குள் ஒரு அங்குலமாவது இறங்கினால் அந்த மண்ணில் உறிஞ்சு குழி வேலை செய்யும். ஒரு அங்குலம் இறங்க அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் எடுத்தால் குழி போதாது. ஆழமில்லாத நீளக் கானை வெட்டி, சல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் போட்டு, தண்ணீரைப் பரப்பி விட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே ஒரு அங்குலம் மறைந்தாலும் விட்டுவிடுங்கள். எங்கள் மேட்டு லயத்துக் குழியில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் வெடிப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குத் தளம் எடுக்கும்போது மலையை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டி நிரப்புவார்கள். நிரப்பிய மண் பொலபொலவென்று இருப்பதால் தோண்ட லேசு. பாஸ்மாருக்கும் அந்தப் பக்கம்தான் பிடிக்கும். அங்கே குழி வெட்டவே கூடாது. தண்ணீர் சேரச் சேர அந்த மண் கனத்து, அடித்தளத்தையும் இழுத்துக்கொண்டு வழுக்கும். வெட்டிய பக்கத்து இறுகிய மண்ணில்தான் குழி வர வேண்டும். அதுவும் கீழ்வீட்டுக்காரரின் முதுகுக்கு மேலே நிற்கிற மண்சுவரின் ஓரத்தில் ஆகாது. குழித் தண்ணீர் அந்தச் சுவரில் கசிந்து அவர் அடுப்படியில் போய் நிற்கும்.

நிறைந்தால் யார் எடுப்பது?

ஒருவரும் கேட்காத கேள்வி இது. எங்கள் அனுபவத்தில் முறையைத் தீர்மானிக்க வேண்டியதும் இதுதான்.

இப்போதெல்லாம் எல்லாருக்கும் "டேங்க்" வேண்டும். அடி மூடாத வெறுங்குழியையும் டேங்க் என்றுதான் சொல்கிறோம். உண்மையான செப்டிக் டேங்க் என்றால் அடியும் பக்கமும் தண்ணீர் கசியாமல் கட்டிய இரண்டு அறைத் தொட்டி. முதல் அறை பெரிது, இரண்டாவது சிறிது. கனத்த கழிவு அடியில் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடை மாதிரி மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வளைந்த குழாய் வழியாக வெளியே போகும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அள்ளுகிற கணக்கில் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தண்ணீர் மட்டும் மூன்றேகால் அடி உயரம் நிற்கும் தொட்டி வேண்டும். வாயு போக ஒரு உயரக் குழாயும் வேண்டும். புதுத் தொட்டியில் சாணியைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தேவையே இல்லை, வேண்டிய பக்டீரியா நம் கழிவிலேயே இருக்கிறது.

இதில் பெரிய மயக்கம் ஒன்று. டேங்கிலிருந்து வெளியே வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் அது சுத்தம் என்று நினைத்துக் குழாயைக் கானுக்கு விட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கிறது. டேங்க் பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதியைச் செய்ய உறிஞ்சு குழியோ சல்லிக் கானோ கட்டாயம் வேண்டும். அது இல்லாத டேங்க், கக்கூசைக் கொண்டுபோய்க் கானில் ஊற்றுவதற்குச் செலவழித்துக் கட்டிய வழி, அவ்வளவுதான்.

அடியில் படிந்ததை மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் அள்ளியாக வேண்டும். நாம் சொன்ன சிறிய அளவுக்கு இரண்டு வருஷம். அதற்குப் பிரதேச சபையின் கலி பவுசர் வர வேண்டும். உங்கள் வீட்டு வாசல்வரை லொறிப் பாதை இருக்கிறதா? பாதையிலிருந்து வீடு 80 படி மேலே இருந்தால் பவுசர்க் குழாய் எட்டுமா? கட்டுமுன் சபைக் காரியாலயத்துக்குப் போய், குழாய் எத்தனை அடி நீளம், எவ்வளவு உயரத்திலிருந்து இழுக்கும் என்று கேளுங்கள். எட்டாது என்று சொன்னால் செப்டிக் டேங்க் உங்களுக்கானதல்ல. நிறைந்த டேங்கை என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். மழை இரவில் மூடியைத் திறந்து வாளியால் அள்ளிக் கானில் ஊற்றுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? வேறு வழி விடவில்லையே.

பவுசர் போகாத வீட்டுக்கு நாங்கள் சொல்லுவது இரட்டைக் குழி. கோப்பை ஒன்று, குழி இரண்டு. கோப்பையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் நீரடைப்பு உண்டு, அதனால் மணமும் ஈயும் வராது. செங்குத்துச் சரிவான கோப்பை என்றால் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றினால் போதும், பீலியிலிருந்து குடத்தில் தூக்குகிற வீட்டுக்கு இது பெரிய உதவி. கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வாயை அடைத்து ஒரு குழியை மட்டும் பாவிக்க வேண்டும். அது நிறைந்ததும் அடைப்பை மாற்றி மற்றதைத் திறக்க வேண்டும். முதல் குழி மூடியபடியே கிடந்து மண்ணாகும். இந்தியாவில் பிந்தேஸ்வர் பதக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இந்த முறையை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. புதிதாக யாரோ சொல்லும் பரீட்சார்த்தம் அல்ல.

அளவு சொல்கிறோம். உள் அகலம் 3 அடி வட்டம், குழாய்க்குக் கீழே 4 அடி ஆழம். அப்படியென்றால் கொள்ளளவு சுமார் 28 கன அடி. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிய பிறகு ஓர் ஆளுக்கு வருஷத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கன அடி. ஐந்து பேருக்குச் சுமார் 9. ஆக ஒரு குழி மூன்று வருஷம் தாங்கும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் இரண்டு வருஷம். அதற்கு மேல் ஆள் இருந்தால் குழியை அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்த வேண்டாம். பக்கங்களைச் செங்கல்லால் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். குழாய் வாய்க்கு மேலே மட்டும் இடைவெளி இல்லாமல் கட்ட வேண்டும். அடிக்குச் சீமெந்து போடக் கூடாது. இதைப் பாஸுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் என்று பேர் வாங்க நினைத்து அடியையும் பூசி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு குழிக்கும் நடுவில் குறைந்தது 3 அடி இறுகிய மண் விடுங்கள். குழாய் 10 அடி நீளத்துக்கு 4 அங்குலம் பணிய வேண்டும்.

மூடிய குழியை எத்தனை நாள் கழித்துத் திறக்கலாம்? இந்தியச் சமவெளிப் புத்தகங்களைப் பார்த்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று சொல்லுவார்கள். நம் குளிருக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 20 பாகைக்கு மேல் சூடுள்ள இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தால் போதும், அதற்குக் குறைந்த குளிர் இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் வைக்க வேண்டும். நுவரெலியா, இராகலை, அக்கரப்பத்தனைப் பக்கம் உள்ளவர்கள் முழுசாக இரண்டு வருஷம் விட்டுவிடுங்கள். வட்டப்புழுவின் முட்டை லேசில் சாகாது. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் மணமில்லாத கறுப்பு மண்தான் இருக்கும். மண்வெட்டியால் அள்ளி வாழைக்கும் பட்டர் புரூட் மரத்துக்கும் போடலாம். கரட், லீக்ஸ், சலாது பாத்திக்குப் போட வேண்டாம்.

ஒரே ஒரு குழிக்குத்தான் இப்போது கையில் காசு இருக்கிறதா? பரவாயில்லை. பிரிக்கும் பெட்டியை இப்போதே வைத்து, இரண்டாவது குழிக்கான இடத்தில் வேறு ஒன்றும் கட்டாமல் விட்டுவையுங்கள். பாறை மேலே தெரியும் இடத்துக்கும், மழையில் தண்ணீர் மேலேறும் பள்ளத்துக்கும் இந்த முறை சரிவராது. அங்கே தனி வீட்டுக் குழியை நினைக்காமல், நாலைந்து வீட்டுக் குழாயைச் சேர்த்து நல்ல மண்ணுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது தனி ஆள் செய்கிற வேலையல்ல, தோட்ட நிர்வாகத்திடமும் சபையிடமும் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது.

சவர்க்காரத் தண்ணீர்

குளிக்கிற, உடுப்பு கழுவுகிற, சட்டி பானை கழுவுகிற தண்ணீரைக் கக்கூசுக் குழிக்குள் விடாதீர்கள். குழி சீக்கிரம் நிறையும், மண்ணின் கண் அடைபடும். இதற்குத் தனி வழி வேண்டும்.

ஒரு வீட்டில் நாளுக்கு 200 லீற்றர் இப்படிப் போனால் மாதத்துக்கு 6,000 லீற்றர். ஒரு பெரிய பவுசர் தண்ணீரை மாதா மாதம் வீட்டுப் பின்பக்கம் ஊற்றுவதற்குச் சமம். சமதரையாக இருந்தால் சோறு, எண்ணெய் தங்க ஒரு சின்னச் சல்லிப் பெட்டி வைத்து, வாழைக் கன்றுகளைச் சுற்றி வெட்டிய பாத்திக்கு விடலாம். வாழை நன்றாகக் குடிக்கும். தேங்கி நின்றால் நுளம்பு பெருகும், அதையும் பார்க்க வேண்டும்.

சரிவில் அப்படி விடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகமெங்கும் மண் சரிந்ததும் நம் எல்லாருக்கும் தெரியும். மலையைச் சரித்தது பெருமழை, கழுவுகிற தண்ணீரால் அது வந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே ஈரம் ஊறிய சரிவில் நாளாந்தம் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தால், அடுத்த மழைக்கு அந்த மண் பாதி நனைந்தே காத்திருக்கிறது. ஆகவே சரிவுள்ள காணியில் சீமெந்துக் கான் கட்டி, கசியாமல், சல்லிப் பெட்டியில் வடிந்த தண்ணீரை இயற்கையான நீரோடைக் கானுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கான் வெடித்தால் அந்த வாரமே பூச வேண்டும். காணியில் நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் தண்ணீர் இவற்றைக் கண்டால் குழி வேலையை நிறுத்திவிட்டு, கிராம அலுவலர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்குமுன் ஒரு அலவாங்கும் போட வேண்டாம்.

குழிக்குள் இறங்காதீர்கள்

பழைய குழியையோ டேங்கையோ திறக்கும்போது ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே நிற்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை மயக்கி விழுத்தும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் தம்பியும் விழுவார். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் மோசம், அதே வாயு தீப்பிடிக்கும். குடிக்கக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, "இறங்கி அள்ளிடுறியா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் கேட்டாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். மூடிக்கு மேலே பிள்ளைகள் விளையாடாமல், மூடி உடைந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த அம்மாவின் காணியில் போன ஞாயிறு மண்ணைச் சோதித்தோம். ஒரு அங்குலம் இறங்க 24 நிமிஷம். மண் நல்ல மண். ஆனால் அவர் குறித்து வைத்திருந்த மூலை நிரப்பிய மண், கீழ்வீட்டு அடுப்படிக்கு நேர் மேலே. கீழ்வீட்டு அண்ணனையும் கூப்பிட்டு மூன்று பேரும் காணியைச் சுற்றி நடந்தோம். பாதைப் பக்கமாக இறுகிய மண்ணில் இரண்டு குழிக்கு இடம் கிடைத்தது. பூக்கன்று வைக்க நினைத்திருந்த இடம் போய்விட்டதே என்று அம்மாவுக்குக் கொஞ்சம் கவலை. குழிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், நன்றாக வரும் என்று சொல்லியிருக்கிறோம்.

மண் சோதிக்க வேண்டிய அலவாங்கு, சல்லி வாளி, அடி குறித்த குச்சி மூன்றும் நலன்புரிக் காரியாலயத்தில் இருக்கின்றன. பெயரை எழுதி வைத்துவிட்டு எடுத்துப்போகலாம், மூன்றாம் நாள் திருப்பித் தந்துவிட வேண்டும். இடம் பார்க்க எங்களைக் கூப்பிடுகிறவர்கள், காணிக்கு மேல் வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரரையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லி வையுங்கள்.